கூலி கெடாமல் தாயும் பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ள: சேலம், ஏற்காடு பெண்களுக்கான முழுமையான வழிகாட்டி

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம், மாத்திரை இலவசம், தடுப்பூசியும் இலவசம். இருந்தும் ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண் செக்கப்புக்கு வந்து போனால் அன்றைய கூலி போய்விடுகிறது. சிவதாபுரத்தில் வீட்டில் உட்கார்ந்து கொலுசு பற்றவைக்கிற பெண்ணுக்கு வேலைக்கு ஏற்றபடிதான் காசு, ஒரு நாள் எழுந்து போனால் அந்த நாளுக்கு ஒன்றும் கிடையாது. ஏழைப் பெண்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு அறியாமைதான் காரணம் என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை பாதிக்கு மேல் காரணம் இந்தக் கூலிக் கணக்கு. அதனால் இந்த வழிகாட்டியை அந்தக் கணக்கை வைத்தே எழுதியிருக்கிறேன்: எதை முதலில் செய்தால் எத்தனை அலைச்சல் மிச்சமாகும், எந்த இடத்தில் மட்டும் கூலியைப் பார்க்கவே கூடாது.

படிக்கத் தெரியாத அக்கா தங்கைகளுக்கு மகளிர் குழுவில் யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

முதல் படி: ஒரு பை, அதில் ஐந்து காகிதம்

ஆதார், ரேஷன் கார்டு, உங்கள் பெயரிலேயே இருக்கும் வங்கிப் பாஸ்புக், கணவரின் ஆதார், கர்ப்பிணிகளுக்குத் தரும் தாய் சேய் நல அட்டை. இந்த ஐந்தின் ஜெராக்ஸும் ஒரு பையில் எப்போதும் இருக்கட்டும்.

இதில் சிக்குவது பெயர்தான். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் அப்பா பெயர் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் பெயர் இனிஷியல், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. உதவித்தொகை வராமல் நிற்கும் பல கேஸ்களில் கோளாறு இங்கேதான். கர்ப்பம் என்று தெரிந்தவுடனே, ஏன், அதற்கு முன்னாலேயே, மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாவது மாதத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வங்கி வாசலில் நிற்கிற வேலை மிச்சம்.

இரண்டாம் படி: 12 வாரத்துக்குள் பதிவு

நாள் தள்ளிப்போனதும் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம், அதாவது நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவில் பெயர் ஏற்றி 12 இலக்கமுள்ள ஆர்.சி.ஹெச். எண் ஒன்று தருவார்கள். அதை அட்டையில் எழுதி வாங்குவதோடு செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் வருவதும், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைப்பதும் அந்த எண்ணை வைத்துத்தான். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இந்த எண் வேண்டும்.

"மூணு மாசம் முடியட்டும், அதுக்குள்ள வெளியே சொல்லக்கூடாது" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸம்மாவிடம் மட்டும் சொன்னால் போதும் என்று சமாதானம் சொல்லிப் பாருங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கும். அதில் 14,000 ரூபாய் தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதிக்கு இரண்டு முறை ஊட்டச்சத்துப் பெட்டகம் தருவார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் பொருந்தும். ஒவ்வொரு தவணையும் செக்கப், பிரசவம், குழந்தையின் ஊசி இவற்றோடு கட்டப்பட்டது. ஒரு கட்டம் விட்டுப்போனால் அதற்குரிய பணமும் நின்றுவிடும்.

பெண்ணுக்கு 18 வயது நிறையவில்லை என்பதால் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் மறைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. போலீசுக்குத் தகவல் போவது சட்டப்படி நடக்கும், அதை ஒளிக்க முடியாது. ஆனால் சின்ன உடம்பில் பிரசவம்தான் மிக ஆபத்தானது. அந்தப் பெண்ணைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள், சிகிச்சை தர மாட்டோம் என்று யாரும் சொல்லக்கூடாது.

மூன்றாம் படி: செக்கப் நாட்களைச் சேர்த்து வையுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், எடை, டி.டி. ஊசி எல்லாம் அன்றே முடியும். சர்க்கரை சோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அதனால் போனவுடனே முதல் வேலையாகக் குளுக்கோஸைக் குடித்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் மற்ற சோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில். அதைத் தவறவிட்டால் பிறகு எடுத்துப் பலன் குறைவு.

நான்காம் படி: ரத்தம் ஏற வேண்டும்

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு அதிகமாக ரத்தம் போனால் அவள் தாக்குப்பிடிப்பாளா மாட்டாளா என்பதை ஒன்பது மாதமாக அவள் உடம்பில் சேர்ந்த ரத்தம்தான் தீர்மானிக்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை. அட்டையில் எழுதியிருக்கும் எண் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ரத்தம் கம்மியா இருக்கு, கீரை சாப்பிடுங்க" என்று பொதுவாகச் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கர்ப்பக் காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். வாங்கி வருகிறோம், அது பரணில் கிடக்கிறது. வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் என்பார்கள். மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயம் வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது போட்டால் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது.

டீயும் காப்பியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மலையில் விடிந்ததும் வரக்காப்பி, வேலை நடுவில் இன்னொன்று, சாயங்காலம் இன்னொன்று. அதோடு மாத்திரையை விழுங்கினால் பாதி வீண். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக்கூடாது, அதைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு போடுங்கள். மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, ஆரஞ்சு இரும்பை இழுத்துச் சேர்க்கும். ஏற்காட்டில் கொய்யாவும் ஆரஞ்சும் விளைகிற வீடுகளில்கூட நல்ல பழமெல்லாம் சந்தைக்குப் போய்விடுகிறது. ஒன்றிரண்டு வீட்டுக்கும் நிற்கட்டும்.

இன்னொரு திருடன் கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் வழியே உள்ளே போய்க் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். தோட்டத்திலும் வயலிலும் வேலை பார்க்கும் பெண்ணுக்கு எவ்வளவு மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் மூன்று மாதம் கழிந்ததும் பூச்சி மாத்திரை ஒன்று தருவார்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போகும்போது காலில் செருப்பு இருக்க வேண்டும்.

ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் எண் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்ற முடியும். பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. இரண்டையும் டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். ராகிக் களி, முருங்கைக்கீரை, ரேஷன் துவரம்பருப்பு, முடிந்தபோது முட்டை. பால்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துமாவு உங்கள் பங்கு. மூத்த பிள்ளைக்கு உருட்டிக் கொடுத்துவிட்டு நீங்கள் பட்டினி கிடக்காதீர்கள். பிள்ளையின் பங்கைத் தனியாகவே தருகிறார்கள்.

ஐந்தாம் படி: வேலை செய்யும் இடம்

கொலுசு வேலை செய்யும் வீடுகளில் பட்டறையும் அடுப்பும் தொட்டிலும் ஒரே அறையில் இருக்கும். பற்றவைக்கும் புகையும் அமிலப் புகையும் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் ஆகவே ஆகாது. வேறு அறை இல்லையென்றால் பற்றவைப்பதைத் திண்ணைக்கோ ஜன்னலோரத்துக்கோ மாற்றுங்கள். கர்ப்பிணி அந்த மாதங்களில் முத்து கோர்ப்பது, கணக்குப் பார்ப்பது போன்ற புகையில்லாத வேலைக்கு மாறிக்கொள்ளட்டும். அமிலத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது பெரிய ஆபத்து. தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாயைக் கழுவிவிட்டு உடனே 108.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் குழித்தறியில் உட்காரும் பெண்களுக்குக் கால் வீக்கமும் இடுப்புவலியும் வரும். மணிக்கொரு முறை எழுந்து நடந்தாலே பாதி குறையும். ஆனால் முகமும் கையும் சேர்ந்து வீங்கினால் அது தறியால் வந்ததல்ல, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. தோட்டங்களுக்கும் அது பொருந்தும். மேஸ்திரி மூலமாக வேலைக்குப் போனால் நாள் கணக்குக்கு ஆதாரம் இருக்காது என்பதால், சீட்டோ நோட்டோ ஏதாவது எழுதி வாங்கி வையுங்கள். வீட்டு வேலை, பட்டறை வேலை செய்பவர்களுக்கு இந்தச் சட்டம் எட்டாது. அவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துவிட்டால் அங்கே மகப்பேறு உதவி தனியாக இருக்கிறது. பதிவு பிரசவத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: மலையிலிருந்து எப்போது இறங்குவது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு ஊரிலிருந்து உள்கிராமத்துக்கு இன்னும் எவ்வளவோ. வலி வந்த பிறகு வண்டி தேடினால் பிரசவம் பாதி வழியில் ஆகும்.

ஆகவே ஏழாவது மாதம் முடிவதற்குள் மூன்று விஷயம் வீட்டில் பேசி முடிக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது. மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. கடைசி நேரத்தில் ஒரு தாய் வீட்டைவிட்டு நகராமல் நிற்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

முதல் பிரசவம் சிக்கலாக இருந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் போகிறவர்கள், இரட்டைக் குழந்தை, கடும் ரத்தசோகை உள்ளவர்கள் மலையில் காத்திருக்கக் கூடாது. நாள் நெருங்குவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே கீழே இறங்கிவிடுங்கள். உறவினர் வீடு இல்லாவிட்டால், மலைப்பகுதிப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கும் பிரசவக் காத்திருப்பு அறை எங்கே இருக்கிறது என்று நர்ஸம்மாவைக் கேளுங்கள். இந்த இடத்தில் கூலியைப் பார்க்கக் கூடாது.

மே மாதத்தில் நாள் குறித்திருந்தால் கூடுதல் கவனம். கோடை விழா நாட்களில் மலைப்பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் மரமும் சரியும். அந்த நேரத்தில் மலையிறங்கும் இன்னொரு பாதையான குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையமே போதும். சிக்கல் என்றால் தாலுகா மருத்துவமனை, அதற்கு மேல் சேலம் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிரசவம் ஆனபின் வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இலவசம். குறைந்தது 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருங்கள்.

ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, பனிக்குடம் உடைவது, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவது, கடும் காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏழாம் படி: முதல் ஆறு மாதம்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், தெருவில் விற்றுவரும் கழுதைப்பால், உரைமருந்து எதுவும் ஆறு மாதம்வரை வேண்டாம். வெயில் காலத்தில்கூடத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது. மாமியார் மனம் நோகும் என்றால் குழந்தையின் நெற்றியில் தொட்டு வைத்துச் சடங்கை முடித்துக்கொள்ளலாம், வாயில் மட்டும் வைக்க வேண்டாம்.

எடை 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறந்த குழந்தையை மலைக்குளிரில் வெறும் துணியில் படுக்க வைக்காமல், அம்மாவின் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்டும்படி அணைத்துக் கட்டி வைக்க வேண்டும். அப்பாவும் இதைச் செய்யலாம். புகை அடுப்பு இருக்கும் அறையில் குழந்தை வேண்டாம்.

எட்டாம் படி: ஊசி

பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. பிறகு 6, 10, 14-வது வாரம். அப்புறம் 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணையும் பூஸ்டரும். ஊசிநாள் பெரும்பாலும் புதன்கிழமை, பல ஊர்களில் பால்வாடியிலேயே போடுவார்கள். லேசான சளி இருந்தாலும் போடலாம். ஒரு தவணை தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: ஜவ்வரிசி ஊரில் பிள்ளைக்கு என்ன ஊட்டுவது

சேலம் ஜவ்வரிசிக்குப் பெயர்போன ஊர். அதனாலோ என்னவோ ஆறு மாதக் குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுவது இங்கே பல வீடுகளில் வழக்கம். செரிமானத்துக்கு லேசு, வயிறும் நிறையும், குழந்தையும் தூங்கும். ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் புரதம் 1 கிராம்கூட இல்லை. அதையே நம்பி வளர்ந்த பிள்ளை கொழுகொழுவென்று தெரிந்தாலும் தசை வளராது. காய்ச்சல் நேரத்தில் ஒரு வேளை கொடுத்தால் தப்பில்லை. தினச் சாப்பாடு வேறாக இருக்கட்டும்: குழைந்த சோற்றில் பருப்பும் ஒரு சொட்டு எண்ணெயும், மசித்த கீரை, ராகிக் கூழ், முட்டை, மாம்பழக் காலத்தில் மாம்பழம். கரண்டியைச் சாய்த்தால் ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். 6 முதல் 8 மாதம்வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, 9 மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, தாய்ப்பாலோடு சேர்த்து. தாய்ப்பால் இரண்டு வயதுவரை.

பால்வாடியில் மாதம்தோறும் எடை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். ஒரு வயதில் எடை பிறந்தபோது இருந்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை மேல்கையின் நடுச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டிய பிள்ளை, 11.5-க்குக் குறைந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பிள்ளை. "தோஷம் தட்டியிருக்கு, தொக்கம் எடுக்கணும்" என்று அலைந்து வாரங்களைத் தொலைக்க வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுங்கள். இரண்டும் பால்வாடி, துணை சுகாதார நிலையங்களில் கிடைக்கும். சளியில் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், விலா உள்ளே குழிந்தாலும் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே போக வேண்டும்.

பத்தாம் படி: பிள்ளை வளர்கிறது, அம்மா?

பிரசவம் முடிந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டில் பக்கம் திரும்பிவிடும். இரண்டு வாரம் கடந்தும் அழுகையும் தூக்கமின்மையும் நீங்கவில்லை, குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் அது திமிரும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. மனநல உதவிக்கான 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். வீட்டில் அடி உதை இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

அடுத்த பிள்ளைக்கு இரண்டு மூன்று வருடமாவது இடைவெளி வேண்டும். காப்பர்-டி, மூன்று மாத ஊசி எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. "ஆண் பிள்ளை வரட்டும்" என்ற நச்சரிப்பு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் இங்கே சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வது குற்றம். மூன்றாவது, நான்காவது கர்ப்பத்தில் தாயின் உடம்புதான் கரைகிறது.

30 வயது தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய்ச் சோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொள்ளலாம். பிள்ளைக்கு ஊசி போட வரும் நாளில் இதையும் சேர்த்துக்கொண்டால் இன்னொரு நாள் கூலி போகாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. நோய் வருவதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றிதழுக்கு ஓட முடியாது.

பணமோ சேவையோ வரவில்லை என்றால்

முதலில் நர்ஸம்மாவிடம் கேட்டு, எந்தத் தவணை எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் கணக்கு எண் தப்பு அல்லது ஆதார் இணைப்பு. அதில் நகரவில்லை என்றால் வட்டார மருத்துவ அலுவலர். அதற்கும் பதில் இல்லையென்றால் முதலமைச்சரின் உதவி எண்ணான 1100-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியலாம், மலையிலிருந்து இறங்கத் தேவையில்லை. நேரில்தான் கொடுக்க வேண்டும் என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒருவர் மட்டும் போகாமல் குழுவில் நான்கைந்து பேரின் மனுவைச் சேர்த்து ஒருவர் கையில் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொரு மனுவிலும் ஆர்.சி.ஹெச். எண், பாஸ்புக் முதல் பக்க ஜெராக்ஸ், நிற்கும் தவணை எது என்பது தெளிவாக இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.